தகரத்தின் பூச்சையும் கேட்டு வாங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் தறிக்கூடங்களுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் கூரைத் தகரம் வாங்குவோர் தடிமனையும் விலையையும் விசாரிக்கின்றனரே தவிர, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு எவ்வளவு என்று கேட்பது அரிது. உருகிய உருக்கிலிருந்து வெற்றிடத்தில் வாயு நீக்கிக் கரிமத்தைக் குறைக்கும் முறையால் உருக்குத் தகடு இன்று எளிதில் வளையக்கூடியதாகிவிட்டது. ஆனால் கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பூச்சுதான். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியிலிருந்து மேலேறும் தகட்டின் மீது பாயும் காற்று வீச்சு மிகைப்பூச்சை வழித்துவிடுகிறது. வீச்சு கூடினால் பூச்சு மெலியும். சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் பூசியதும் 120 கிராம் பூசியதும் கடையில் ஒன்றுபோலவே பளபளக்கும். எங்கள் பண்ணையில் திருகாணித் துளைகளைச் சுற்றியே முதலில் செந்துரு படர்ந்தது.

55 விழுக்காடு அலுமினியம் கலந்த பூச்சு வெயிலுக்கும் மழைக்கும் சிறந்தது. எனினும் கோழி எருவிலிருந்து எழும் அம்மோனியா அதை அரிக்கும் என்பதை விற்பவர்கள் (தெரிந்தே என்றுதான் நினைக்கிறேன்) சொல்வதில்லை.

ஆகவே, பூச்சின் வகையையும் எடையையும் பில்லில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோழிப்பண்ணையாளர் ஒருவர்,
பல்லடம்.