கானுக்குள் கிடந்த என்னைத் தூக்கியவர்களுக்கு

தோளில் போட்ட கட்டை நேற்றுத்தான் அவிழ்த்தார்கள். இரண்டு கையாலும் எழுத முடிகிற முதல் நாள் இது, அதனால் வேறு எதற்கும் முன்னால் இதை எழுதிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்திய கிழமை, ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலைக்கு வருகிற வழியில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் பைக்கோடு விழுந்து கிடந்த மாஸ்டர் நான்தான். உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. முகமும் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்ததுதான்.

என்ன நடந்தது என்று ஆளுக்கு ஆள் ஒரு கதை சொல்கிறார்கள், சிறுத்தை பாய்ந்தது என்றுகூட ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தார். சிறுத்தை ஒன்றும் இல்லை, காட்டுப்பன்றி. டியூஷன் முடித்துத் திரும்பும்போது மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. வளைவில் ஒரு பெரிய பன்றி குறுக்கே ஓடி, மேட்டில் ஏறி, தேயிலைக்குள் மறைந்துவிட்டது. சரி, போய்விட்டது என்று நினைத்து நான் மறுபடி முறுக்கினேன். பிழை அங்கேதான். போனது தாய், பின்னால் குட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, அதைப் பார்த்த பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததும் ஈரத் தாரில் முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது, அடுத்தது எனக்கு நினைவில் இருப்பது கானுக்குள் முகத்துக்கு நேரே ஓடிய தண்ணீர்தான். குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு சொன்னீர்கள்.

முதலில் வந்து நின்றது சூன் பாண் த்ரீவீலர், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற வண்டி. அந்தச் சிங்கள அண்ணன் பாட்டை நிறுத்தவே மறந்துவிட்டு இறங்கி ஓடி வந்தார், நான் வலியில் முனகிக்கொண்டிருக்கப் பக்கத்தில் அந்தப் பாண் பாட்டு பாடிக்கொண்டே இருந்தது, இனி வாழ்நாளில் அதைக் கேட்டால் எனக்குத் தோள்பட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. என்னைத் தொடுவதற்கு முன்னால் த்ரீவீலரை வளைவுக்கு மேலே கொண்டுபோய், இரண்டு பக்க சிக்னலையும் எரியவிட்டு, வருகிற வாகனங்களுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினார். அந்தப் பனியில் அடுத்து இறங்கி வந்தது ஒரு லொறி. "மல்லி, நெகிட்டின்ன எபா", தம்பி, எழும்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள் அண்ணே. எழும்பவில்லை. போஹோம ஸ்துதி, மிக்க நன்றி.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து டோர்ச்சோடு ஓடி வந்த இரண்டு அக்காமாருக்கு. நான் ஹெல்மெட்டைக் கழற்றப் போனபோது கையில் ஒரு தட்டு தட்டி, "கழுத்துல அடி பட்டிருந்தா என்ன செய்வீங்க மாஸ்டர், சும்மா கிடங்க" என்று அதட்டியவர் யார் என்று தெரியவில்லை. வகுப்பில் நான் பிள்ளைகளை அதட்டுகிற தோரணை அப்படியே இருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து இடத்தைச் சரியாகச் சொன்ன தம்பிக்கு. சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு கேட்பார்கள் என்று பயந்து அடிக்காமல் விடுகிறவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், ஒரு சதமும் இல்லை, இலவசம்.

கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, பிளேன்டீ கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்த அம்மாயிக்கும், ஒபரேஷன் செய்ய வேண்டி வரலாம், வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அவரோடு சண்டை பிடித்தவர்களுக்கும்!

அப்புறம் அந்தக் காவற்காரத் தாத்தா. அம்பியூலன்ஸ் வரும்வரை என் தலைமாட்டில் குந்திக்கொண்டு, நான் தூங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பேசிக்கொண்டிருந்தார் போல. நாலு வருடமாக அந்த வழியில் போய் வருகிறேன், அந்த வளைவுக்கு மேலே உள்ள மலை பராமரிப்பில்லாமல் காடாகிப்போனதும், பகலில் அதற்குள் படுத்துக் கிடக்கும் பன்றிகள் இருட்டத் தொடங்கியதும் கீழே கிழங்குத் தோட்டத்துக்கு இறங்குவதும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஒன்னு போச்சுன்னா நின்னுரணும் தம்பி, அது எப்பவும் ஒன்னா வராது." மரைக்கும் சிறுத்தைக்கும் லைட் பட்டால் கண் பளபளக்கும், பன்றிக்கு அப்படி மின்னாது என்றும் அவர்தான் சொன்னார். கட்டிலில் கிடந்த நாட்களில் தேடிப் படித்தேன், உண்மைதான், ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் பன்றியின் கண்ணில் இல்லை. கண் மின்னுகிறதா என்று பார்த்து ஓட்டுகிற ஆளுக்குப் பன்றி தெரியவே தெரியாது. பனியில் நான் ஹெட்லைட்டை உயர்த்தி வைத்திருந்தது அதைவிட முட்டாள்தனம், வெள்ளைச் சுவரைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களில் சிலரோடு எனக்குக் கோபம். பார்க்க வந்த இரண்டு பேர், அந்த இடத்தில் கம்பிச் சுருக்கு வைத்துப் பன்றிகளைத் தீர்த்துவிடலாம் என்றீர்கள். என்மேல் உள்ள அக்கறைதான், தெரியும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனதே, அதை மறந்துவிட்டோமா? என் பேரில் யாரும் கம்பி வைக்க வேண்டாம். பன்றித் தொல்லை தாங்கவில்லை என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கம் இருக்கிறது. உடனே வருவார்களா என்று கேட்காதீர்கள், அடித்தாவது வைப்போம்.

பைக்கின் ஹேண்டிலையும் வளைந்த ஃபுட்ரெஸ்டையும் சரிசெய்துவிட்டு, "சம்பளம் வரட்டும் மாஸ்டர்" என்ற தலவாக்கலை பாஸ் அண்ணனுக்கும் நன்றி. பைக் இன்னும் அவரிடமே நிற்கட்டும், டொக்டர் இன்னும் ஒரு மாதம் ஓட்ட வேண்டாம் என்கிறார், அம்மா ஒரு வருடம் என்கிறார்.

அம்மாயி, கம்பளியில் இருந்த சேறு இரண்டு தடவை துவைத்தும் ஒரு மூலையில் போகவில்லை. இருந்தாலும் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வருவேன், அந்தப் பிளேன்டீயை அன்றைக்குக் குடிக்கிறேன்.