விருந்தினர் மேலே, விரிப்பு அடிவாரத்தில்: மலைப்பாதை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலைப்பாதைகளின் போக்குவரத்துக்கும் இ-பாஸுக்கும் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ், 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்ற வரம்பு எல்லாம் நீதிமன்ற உத்தரவால் வந்தவை. மலை தாங்காது என்பது இங்கே குடியிருக்கும் எங்களுக்கும் தெரியும். வரம்பை எடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மழையும் மூடுபனியுமாக இருந்தால் இங்கே போர்வையும் விரிப்பும் காயாது. அதனால் மேட்டுப்பாளையத்து லாண்டரிக்கு அனுப்புகிறோம். வெளுத்த மூட்டைகளும் காய்கறியும் வாடகைக் குட்டியானை ஒன்றில் வந்தன. வண்டி எண் மேட்டுப்பாளையத்து டிஎன் 40. நீலகிரியின் டிஎன் 43 என்றால் உள்ளூர் வண்டி, கேள்வி இல்லை. அடிவாரச் சோதனைச்சாவடியில் நிறுத்தி, "காய்கறி அத்தியாவசியம், போகலாம். துணிக்கு இ-பாஸ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைய எண்ணிக்கை முடிந்துவிட்டதாம். ஓட்டுநர் தம்பி எனக்கு போன் போட்டு, "அண்ணே, மூட்டையை இறக்கிட்டுப் போன்னு சொல்றாங்க, என்ன செய்யட்டும்?" என்றார். டீக்கடைத் திண்ணையில் மூட்டைகளை வைத்துவிட்டு முட்டைக்கோஸோடு மேலே வந்தார்.

அந்த விரிப்பில் படுக்க வேண்டியவர்கள் முறையாக இ-பாஸ் எடுத்து, மதியமே வந்து இறங்கியிருந்தார்கள். பக்கத்து வீடுகளில் கடன் வாங்கியும், மார்க்கெட்டில் புதிதாக வாங்கியும் மூன்று அறையைச் சமாளித்தோம். நான்காவது அறைக்காரர் ஒற்றை நட்சத்திரம் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பெரிய ரிசார்ட்டுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சொந்த லாண்டரி, சொந்த டிஎன் 43 வண்டி, ஒரு மாதச் சாமானை அடுக்கக் கிடங்கு. நாங்கள் கிடங்கு வைப்பதென்றால் ஓர் அறையை மூட வேண்டும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: பதிவு பெற்ற சிறு விடுதிகளுக்குச் சாமான் கொண்டு வரும் வண்டிக்கு, சீசன் முழுக்கச் செல்லும் ஓர் அனுமதிச் சீட்டு. விடியற்காலையில் மட்டும் வா என்றாலும் சரி.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். இங்கே தோண்டுகிற கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, ஏலம் போய், எங்கள் சாம்பாருக்காக மறுபடியும் மலையேறுகிறது. சீசன் நெரிசலில் கோத்தகிரிப் பாதையை இறங்குவதற்கு மட்டும் என்று ஒருவழியாக்கினால் அதே கேரட் குன்னூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். அதற்கு மட்டும் நல்ல சுற்றுலா. மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி வேறு வைக்கிறோம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை சரிதான், ஆனால் கண்ணாடி பாட்டில் பெட்டிகளும் யாராவது வண்டியில் ஏற்றினால்தானே மேலே வரும்?

சரி, கேலி போதும். சாவடியில் நிற்கும் காவலர் மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நின்று கையில் இருக்கிற பட்டியலைப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்கிறார். பட்டியலைப் போட்டவர்கள் எட்டாயிரம் வண்டியில் வருகிறவர்கள் எதில் படுப்பார்கள் என்று யோசித்திருக்கலாம். அந்தச் சீட்டு ஒன்று இருந்தால் காவலருக்கும் வாக்குவாதம் மிச்சம்.

அடுத்த சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். அதற்குள் சாமான் வண்டிக்கான அனுமதிச் சீட்டுக்கு ஏற்பாடு செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விடுதிப் பதிவுச் சான்று, வண்டியின் ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் சிறு விடுதி நடத்தும் ஒருவர்