செயலாளர் ஆண்டறிக்கை: மழைத்தண்ணீர்க் கணக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கமுங்க. தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை மூன்றுக்கும் மனு கொடுத்தோம். விளக்கு மட்டும் எரிகிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது.

இந்த ஆண்டு கூட்டங்களில் அதிகம் அடிபட்டது ஒரே கேள்விதான்: வீட்டில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் போட்ட காசுக்குப் பலன் உண்டா?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். கோவைக்கு ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. என்று வைத்தால், சேதாரம் போக 44,000 லிட்டர் கைக்கு வரும். ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் செலவானால் அது மூன்று மாதம்கூடத் தாங்காது. அதிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவில் இருக்கிற நமக்கு, அதிக மழை ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டுகிறது. அத்தனையும் பிடிக்கத் தொட்டி கட்டினால் வண்டி நிறுத்த இடமிருக்காது.

குடிக்க, சமைக்க மட்டும் என்றால் கதையே வேறு. நாளைக்கு 20 லிட்டர் போதும். 5,000 லிட்டர் தொட்டி எட்டு மாதம் வரும், இரண்டு மூன்று நல்ல மழையில் நிரம்பியும் விடும். நம் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாத கதை எல்லோருக்கும் தெரியும். ஆர்.ஓ. மெஷினோ ஒரு குடம் தர அதைவிடக் கூடுதலாகக் கீழே விடுகிறது. தொட்டி வைத்த அம்மணி ஒருவர் காபி ருசியே மாறிவிட்டது என்கிறார். சரி, அதற்காக அப்படியே குடிக்க வேண்டாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணல், கரி, ஜல்லி வழியாக வடித்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், வலை கட்டாவிட்டால் கொசு முட்டையிடும்.

அப்புறம், 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிகள். பல வீடுகளில் குழாய் சுவரில் இருக்கிறது, குழி மண்மூடிக் கிடக்கிறது. அடியில் பாறை என்பதால் அந்தத் தண்ணீர் உங்கள் ஆயிரம் அடி போருக்கே இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிளவு கண்ட பக்கம் போகும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். போகட்டுமே. மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விடுவது மட்டும் கூடவே கூடாது.

புரட்டாசிக்குள் குழிகளைச் சேர்ந்து தூர்வாரலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தொட்டி வேண்டுவோர் ஆடி முடிவதற்குள் பெயர் கொடுத்தால் மொத்தமாக விலை பேசலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலும் அவரிடமே இருக்கிறது.