விடுபட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான எங்கள் திருச்சபைச் சேகர மக்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

எங்கள் தகப்பனார் தமது 82ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நேற்றோடு ஒரு மாதம் ஆகிறது. அடக்க ஆராதனையின் முடிவில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல எழுந்த நான், திருமண்டலத்திலிருந்து வந்தவர்களையும் குருவானவர்களையும் சேகரக் கமிட்டியாரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்த தாள் முடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோதுதான், அப்பா இருந்திருந்தால் யாரை முதலில் சொல்லியிருப்பாரோ அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாளில் இல்லை என்பது எனக்கு உறைத்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் வாய்க்காலில், கடம்பாகுளத்துப் பாசனத்தில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல். தாமிரபரணியின் பழைய எட்டு அணைக்கட்டுகளில் அதுவே கடைசி என்பதால், மேலேயுள்ளவர்களுக்குப் பாய்ந்து மீந்த தண்ணீர்தான் எங்களுக்கு வந்து சேரும். முதல் போகமான கார் பருவத்தில் பல ஆண்டுகள் நடவே இருந்ததில்லை. மழைக்காலப் பிசான நெல்லையும் வாழையையும் நம்பித்தான் எங்கள் படிப்பும் அக்காவின் திருமணமும் நடந்தன. அப்படிப்பட்ட கடைமடையில் வாய்க்காலைப் பார்த்துக்கொள்பவரின் தயவு இல்லாமல் நாற்றுகூடப் பச்சை பிடிக்காது என்பதை அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, செய்து காட்டினார். களத்தில் தூற்றிய நெற்பொலி அளக்கும்போது முதல் மரக்கால் எங்கள் சபைக் கோவிலுக்கு, இரண்டாவது மரக்கால் தண்ணீர் பாய்ச்சுபவருக்கு. வீட்டு மூட்டை அதற்குப் பிறகுதான் கட்டப்படும். இன்று அந்த வேலையைச் செய்யும் தம்பி, அப்பாவின் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போன வழியெங்கும் சேற்றில் முன்னால் நடந்து பலகை போட்டுக்கொண்டே போனார். அவருக்கு எங்கள் முதல் நன்றி.

அடுத்து, எங்கள் வரப்பை ஒட்டிய வயல்காரரான சித்தப்பா. ஒரு முழ அகல வரப்புக்காக அப்பாவும் அவரும் 11 ஆண்டுகள் பேசாமல் இருந்தது ஊரறிந்த கதை. அதை மறைத்து அப்பாவைச் சாந்த சொரூபியாக நான் எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறும் குளங்களும் ஒன்றாகிப்போன அந்த இரவில், நடக்க முடியாத அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு தோளில் தூக்கி மேட்டிலிருந்த கோவிலுக்குக் கொண்டுவந்த நால்வரில் தலைமாட்டைப் பிடித்தவர் அவர்தான். மற்ற மூவரும் இளந்தாரிகள். அவருக்கு அப்போதே அறுபது கடந்திருந்தது. கட்டிலை இறக்கியதும் அப்பா, "வரப்பு இப்போ எங்கடா இருக்கு?" என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள். அடக்கத்தன்றும் தலைமாட்டை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத சித்தப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்தபின் வாழை போன இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்தது. அதை அள்ளிப்போட டிராக்டரோடு வந்து டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டவருக்கும், அந்த ஆண்டுக் கடனை நோட்டில் எழுதிவைத்துவிட்டு ஒரு முறையும் வாய் திறந்து கேட்காத ஏரல் உரக்கடை பாய்க்கும் நன்றி.

கோவில் காரியங்களில் அப்பா வகித்த ஒரே பதவி அசனம் என்னும் கோவில் பொதுவிருந்தில் சோற்றுக்குப் பொறுப்பாளர் என்பதுதான். நாற்பது ஆண்டுகளுக்குமேல் அதைச் செய்தார். அண்டாவிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குவார். உள்ளே கடுகளவு வெள்ளை தெரியும்போதே, "வடிங்கடே" என்பார். பாயில் மலையாகக் கொட்டும் சோறு தன் சூட்டிலேயே மேலும் வேகும் என்பதால், அடுப்பில் முழுக்க வெந்த சோறு பந்திக்கு வரும்போது குழைந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஓலைப்பெட்டிகளில் சோறு பரிமாறி, ஊரெல்லாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், உண்டு எழுந்தபிறகு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து அடிச்சோற்றைக் கறிக்குழம்போடு சாப்பிடுவார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தாம் காணிக்கையாக வைத்த வாழைத்தாரைத் தாமே கூடுதல் விலைக்கு எடுத்து, கோவில் பெருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று தனிப்பானையில் போட்டுவந்த அம்மாகூட அன்று மட்டும் முணுமுணுப்பார்.

கோவில் பெருக்கும் அந்த அக்காவுக்கும், விடாத மழையில் குழி வெட்டி, ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டேயிருந்த இருவருக்கும், நேரம் பாராமல் மணியடித்த கோவில் பணியாளரான கோவில்பிள்ளை அண்ணனுக்கும், கடைசி எட்டு மாதங்கள் தினமும் வந்து புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிய செவிலியச் சகோதரிக்கும், வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் கஞ்சியும் கொடுத்த எங்கள் தெருப் பெண்களுக்கும் நன்றி. அம்மன் கோவில் கொடைக்காகக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் எங்கள் தெருவை நோக்கியிருந்த இரண்டையும், யாரும் கேட்காமலே அன்று காலையில் அவிழ்த்து வைத்த விழாக் குழுவினருக்குத் தனியாக நன்றி.

அப்பா எவருக்கேனும் தரவேண்டிய பாக்கி இருந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். சிறிய தொகையானாலும் சரி. கோவிலிலிருந்து எடுத்துவந்த பெரிய அண்டாவும் எட்டு பெஞ்சுகளும் இந்தச் சனிக்கிழமை திரும்ப வந்துவிடும். இம்மடலிலும் யாராவது விடுபட்டிருந்தால் என்னை வீட்டுக்கு வந்தே திட்டலாம். பிசான அறுவடையில் முதல் இரண்டு மரக்காலும் வழக்கம்போல் அளக்கப்படும்.

இப்படிக்கு,
குடும்பத்தார் சார்பில்,
மூத்த மகன்