மூன்று டிரங்குப் பெட்டியையும் அனுப்பிவிடாதே

குன்னூர்,
ஐப்பசி

மாப்ளே,

நலம். அங்கும் நலம்தானே? தங்கச்சியின் முட்டிவலிக்கு நம் சிநேகிதன் குண்டு சொன்ன எண்ணெயை மட்டும் தடவ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று நீ ஆரம்பிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கப்பாவின் மூன்று டிரங்குப் பெட்டி பொம்மைக் கார்களையும் இங்கே நம் பழைய வாத்தியார் நடத்துகிற கார் மியூசியத்துக்குப் பார்சல் போடப் போகிறாயாமே? போடாதே. தை பிறக்கும்வரை ஒன்றையும் அனுப்பாதே.

வாத்தியாருக்குக் கார் இல்லாத குறை கிடையாது. இரண்டு அறையிலும் கைக்கெட்டும் உயரம்வரை கார்தான். அவருக்குக் குறை, காய்ந்த காற்று. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஏறிவருகிற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிற மாதம் இது. பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பு பச்சை பிடிக்கிற ஊரில், துத்தநாகக் கலவையில் வார்த்த காரைக் காப்பாற்றுவது லேசில்லை.

உன் பெட்டியில் முக்கால்வாசி டிங்கி கார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் பின்ஸ் ரோடில் மெக்கானோ கம்பெனி வார்த்தது. 1934இல் டிங்கி என்ற பெயர் வருவதற்கு முன் வந்த முதல் தொகுதி காரீயக் கலவை. பிறகு வந்தது மசாக் என்ற கலவை: துத்தநாகத்தில் சுமார் 4% அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மக்னீசியம். இதில் காரீயம் கலந்தால் தொலைந்தது. இன்றைய தரத்தில் காரீயத்துக்கு அனுமதி 0.005%தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் அந்தச் சுத்தம் இல்லை. வருஷக்கணக்கில் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி, முதலில் மயிரிழை விரிசல் விடும், பெயின்ட் கொப்பளிக்கும், அப்புறம் காரே நீண்டு வளைந்து ஒரு நாள் கையில் உதிரும். சேகரிப்பவர்கள் ஜிங்க் பெஸ்ட் என்பது இதைத்தான். பக்கத்துக் காருக்குத் தொற்றாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் மருந்தும் கிடையாது. சூடும் ஈரமும் அதை விரட்டிக்கொண்டு போகும். குளிர்ச்சியும் வறட்சியும் தாமதப்படுத்தும், அவ்வளவே. அதனால் உங்கப்பாவின் 1930கள் காலத்து வண்டிகளை இப்போது மலையேற்றுவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. மதுரையிலேயே இருக்கட்டும். தகரம் போட்ட மாடி அறையில் வேண்டாம், கீழே கட்டிலடியில்.

சரி, அப்போ நான் என்னதான் தருவது என்று கேட்பாய். சொல்கிறேன். அந்த அறைக்கு ஒரு ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கிக் கொடு. கடைக்காரன் காட்டுகிற முதல் மெஷினை வாங்காதே. கம்ப்ரஸர் வைத்தது குன்னூர்க் குளிரில் சரிப்படாது. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குழாயில் பனி உறைந்து, உறிஞ்சுவதைவிட உறைபனியைக் கரைப்பதிலேயே பாதி நேரம் போகும். உறிஞ்சு சக்கரம் வைத்து, உள்ளே ஹீட்டரால் அதைக் காய வைத்துக்கொள்கிற வகை வேண்டும். கரன்ட் கூடத் தின்னும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது. இருந்தாலும் குளிரில் வேலை செய்வது அதுதான். ஈரப்பதத்தை 50%க்கு வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். வாத்தியார் கதவைச் சாத்துவாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். காற்றோட்டம், காற்றோட்டம் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மேகத்தைக் குடும்பத்தோடு அழைக்கிறார்.

அலமாரிக்குள் சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலம் இரண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மூடிய காட்சிப்பெட்டிக்கு அருங்காட்சியகக்காரர்கள் சொல்லும் கணக்கு, ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. வாத்தியாரின் கண்ணாடி அலமாரி 120 செ.மீ. உயரம், 60 அகலம், 30 ஆழம். பெருக்கினால் 0.216 கன மீட்டர். அதாவது ஒரு அலமாரிக்கு 4 கிலோவுக்கு மேல்! கதவு இடுக்கில் காற்று புகுந்தால் அதுவும் சில வாரத்தில் நிறைந்துவிடும். நீல நிறம் வாங்காதே, அதில் கோபால்ட் இருக்கிறது. ஈரம் குடித்ததும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுவது போதும். மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் திரும்ப உயிர் வரும். வர்க்கி சுடுகிற அடுப்பில் வைக்கலாம் என்று குண்டு யோசனை சொல்லியிருக்கிறான். அந்தச் சூட்டில் நிறம் காட்டுகிற மருந்தே கருகிவிடும். அவன் பேச்சைக் கேட்காதே.

மலை வீடுகளில் பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு எரிய விடுவோமே, அதையும் வாத்தியார் செய்து வைத்திருக்கிறார். துணிக்குச் சரி. காருக்கு ஆகாது. பல்பு எரியும்போது உள்ளே சூடு, ஈரப்பதம் இறங்கும்; மழையில் கரன்ட் போனதும் குளிர்ந்து, கண்ணாடியிலும் உலோகத்திலும் நீர் பூக்கும். தினம் இப்படி ஏறி இறங்கினால் ஸ்டிக்கர் உரிந்து வரும், இரும்பு அச்சாணி துருவேறும்.

அளக்காமல் எதையும் நம்பக் கூடாது. ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டர் வாங்கினால் முதலில் உப்புச் சோதனை செய்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வா. கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் பைக்குள் மூடி எட்டு மணி நேரத்துக்குமேல் விடு. 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று மேலே பேனாவால் எழுதி வைத்துக்கொள். அலமாரிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 வரை இருக்கட்டும். 65 தாண்டினால் அட்டைப்பெட்டியில் பூஞ்சை ஏறும். டிங்கிக்குப் பெட்டியும் பாதி மதிப்பு என்பது உனக்குத் தெரியாததா.

உன் மச்சான் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரி செய்து தருவதாகச் சொன்னானாம். நயமாக மறுத்துவிடு. அந்தப் பலகையும் பிளைவுட்டும் வருஷக்கணக்கில் அமில ஆவி விடும். மூடின பெட்டிக்குள் அது காரீயத்தையும் துத்தநாகத்தையும் வெள்ளைப் பொடியாக்கும். பவுடர் கோட்டிங் போட்ட இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான் நல்லது. இடுக்கை அடைக்கும் சிலிகானில்கூட வினிகர் வாசனை வருகிற வகை வேண்டாம், நியூட்ரல் என்று போட்டதைக் கேட்டு வாங்கச் சொல். விளக்கு பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

தையில் நீ அனுப்பும்போது எப்படிக் கட்டுவது என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பழைய தினத்தந்தியில் சுற்றுவாய். அமிலமில்லாத டிஷ்யூ தாளில் முதல் சுற்று. பபிள் ராப் பெயின்டைத் தொடவே கூடாது, வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். டிஷ்யூவுக்கு வெளியே, குமிழி வெளிப்பக்கம் பார்க்கச் சுற்று. ஸ்பாஞ்ச் வேண்டாம். நாளானால் அது பொடிந்து பிசினாகப் பெயின்டில் ஒட்டும். ரப்பர் பேண்டும் அதே ஜாதி. காற்றுப்புகாத பிளாஸ்டிக் கவரில் மூடவும் மூடாதே. மதுரையின் ஈரக்காற்றை உள்ளே அடைத்து மலைக்கு ஏற்றினால், குளிர்ந்ததும் அது கவருக்குள்ளேயே நீராக இறங்கும். அட்டைப்பெட்டியே போதும்.

1960களுக்குப் பிந்தைய வண்டியில் மிருதுவான டயர் இருந்தால் கவனம். பி.வி.சி.யில் கலந்த எண்ணெய் மெல்ல வெளியே வந்து, டயர் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் உருக்கும். அலமாரியில் வைக்கும்போது சேஸிஸின் கீழே சின்ன அக்ரிலிக் கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து ஒரு மயிரளவு தூக்கிவிட வேண்டும். குளியல், சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மேக்கப் பிரஷ்ஷும் கேமரா லென்ஸ் ஊதும் பந்தும் போதும். புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசை வந்தால் எனக்குப் போன் போடு, திட்டுகிறேன்.

பணம் தவிர நீ தரக்கூடியது ஒன்று உண்டு: பேரேடு எழுதத் தோதான உன் கையெழுத்து. மியூசியத்தில் பாதிக் காருக்குப் பேரேட்டில் பதிவில்லை, இருக்கிற அட்டையிலும் தப்பு. டிங்கியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கீழே ‘அம்பாசடர்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார். அது எம்.ஓ. மாடல், இங்கே இந்துஸ்தான் 14 ஆக ஓடியது. அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது, 2014இல்தான் நின்றது. ஒவ்வொரு காருக்கும் ஒரு எண்: வந்த வருஷம், அந்த வருஷத்தின் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது வண்டி. எண்ணை நூல் கட்டிய தாள் சீட்டில் பென்சிலால் எழுது. ஸ்டிக்கரோ செல்லோடேப்போ அடித்தட்டில் ஒட்டாதே. பேரேட்டில் தயாரிப்பாளர், அடித்தட்டில் உள்ள நம்பர், அளவு, குறைகள், யார் விளையாடியது. அளவு விகிதத்தை எழுதும்போது 1:43 (நிஜத்தில் 43இல் ஒரு பங்கு) என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதே. ஹார்ன்பி ஓ கேஜ் பொம்மை ரயிலில் ஒரு அடிக்கு 7 மி.மீ.; அந்தக் கணக்கில் வந்தது அது. நிஜ நீளத்தை மாதிரியின் நீளத்தால் வகுத்துப் பார். 432 செ.மீ. அம்பாசடர் 10 செ.மீ. இருந்தால் சரி. மேட்ச்பாக்ஸ் கம்பெனி வண்டி, தன் பெட்டிக்கு ஏற்றபடி சுருக்கப்பட்டது, பஸ்ஸுக்கு ஒரு அளவு, காருக்கு ஒரு அளவு.

இனி விளையாட்டில்லை. வாத்தியாருக்கு வயசாகிறது. பையன் வெளிநாட்டில், கார்கள்மேல் அவனுக்கு ஆசை கிடையாது. மியூசியத்துக்கான டிரஸ்ட் இன்னும் பதிவாகவில்லை. பதிவில்லாமல் நீ கொடுப்பது வாத்தியாருக்கான அன்பளிப்பு, மியூசியத்துக்கானது அல்ல. நாளை அது அவர் வாரிசின் சொத்து, எடை போட்டு விற்றாலும் கேட்க முடியாது. டிரஸ்ட் பத்திரத்தில், மூடவேண்டி வந்தால் இந்தக் கார்கள் எங்கே போகும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். உன் நன்கொடைக் கடிதத்தில் ‘எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்’ என்று நிபந்தனை போடாதே. எந்த மியூசியமும் அதைக் காப்பாற்ற முடியாது. பதிவாகி, 80ஜி என்று சொல்கிற வருமான வரி நன்கொடை அனுமதி வாங்கினால், நீ பணமாகக் கொடுப்பதற்குப் பழைய வரி முறையில் கழிவு உண்டு; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, காராகக் கொடுத்தாலும் கிடையாது. பதிவு வேலைக்கு அவரை அழைத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். நீ பேசினால் கேட்பார், நான் பேசினால் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

வரும்போது மாசியில் வா. கண்ணாடியில் ஆவி இருக்காது. ஒரு சின்ன டார்ச்சும் உருப்பெருக்கியும் கொண்டுவந்தால் அடித்தட்டு எழுத்துகளைப் படிக்கலாம். டிக்கெட் காசைக் கொடு, ‘பழைய மாணவன்’ என்று ஓசியில் நுழையாதே.

கையில் கொண்டுவர வேண்டியது டிங்கி அல்ல. கல்கத்தாவில் டிங்கி அச்சுகளை வாங்கி வார்த்த நிக்கி டாய்ஸ், அதோடு மில்டன், மேக்ஸ்வெல் என்ற மற்ற இந்தியக் கம்பெனிகளின் கார்கள், இவைதான் அவரிடம் இல்லை. இரண்டாவது பெட்டியின் அடியில் உங்கப்பா வைத்திருந்தாரே, சொரசொரப்பான வார்ப்பும் தடிமனான பெயின்டுமாக, ‘மட்டமான காப்பி’ என்று நாம் ஒதுக்கியவை. அவற்றில் நான்கைந்து. பெட்டி இருந்தால் பெட்டியோடு, கிழிந்த மூடியானாலும் ஒட்டாமல் அப்படியே.

உன்,
குன்னூரான்