கோயில் கணக்கு கேட்கும் பெரியவர்களுக்கு, ஊராட்சிக் கணக்கு பற்றி ஒரு திறந்த மடல்

ஊர் அம்பலகாரர்களுக்கும், கோயில் கமிட்டியாருக்கும், ஜமாத் தலைவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், மகளிர் குழுத் தலைவிகளுக்கும் வணக்கம்.

ஊர் பெயர் போட்டு எழுதவில்லை. இது ஓர் ஊரின் சங்கதி இல்லை. மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கம் எந்த ஊர் மந்தையில் வைத்து வாசித்தாலும் யாருக்கு எழுதியது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பங்குனிப் பொங்கல் முடிந்ததும் நீங்கள் கூட்டும் ஊர்க்கூட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று போட்ட தலைக்கட்டு வரி எவ்வளவு வசூல், யார் யார் பாக்கி, வெளியூர்க்காரர்கள் அனுப்பியது எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு முன்பணம் போக மீதி எவ்வளவு என்று வரிசையாக வாசிப்பீர்கள். போன வருஷத்தைவிட வாழைத்தாருக்கு ஏன் கூடுதல் பணம் என்று ஒருவர் எழுந்து கேட்பார். பொருளாளர் முகம் சுருங்கும், ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். துண்டுச்சீட்டுகூட இல்லாத செலவை ஊர் ஒத்துக்கொள்ளாது. பழைய கணக்கை முடிக்காமல் அடுத்த வருஷம் சாமி சாட்ட விடமாட்டார்கள்.

இவ்வளவு கறாரான ஊர், ஊராட்சிக் கணக்கு என்று வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. இத்தனைக்கும் கோயில் வரவைப்போலப் பல மடங்கு பணம் ஊராட்சி வழியாகப் போகிறது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதி, மத்திய நிதிக்குழு மானியம் எல்லாம் நம் பெயரில்தான் வருகிறது. "அது கவர்மென்ட் பணம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். தலைக்கட்டு வரியை நம் கையால் எண்ணிக் கொடுக்கிறோம், அதனால் வலிக்கிறது. அரசுப் பணம் நம் கைக்கு வராமலே போய்விடுகிறது, அதனால் வலிப்பதில்லை. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அந்தக் கணக்கைக் கேட்பதற்கு என்று சட்டமே ஓர் இடத்தைக் கொடுத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியில் ஓட்டு இருக்கிற எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டம், 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாகிவிட்டது. வரவு செலவு அறிக்கையைப் படிவம் 30 என்பார்கள். அதைச் சபையின் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். தணிக்கை அறிக்கையும் சபைக்கு வர வேண்டும்.

நடப்பது வேறு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்று 2006-இல் அரசாணையே போட்டார்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டி வந்து உட்கார வைத்தால் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட், கூட்டம் முடிந்தது. தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். எல்லா ஊரிலும் இப்படி இல்லை, முறையாக நடத்தும் ஊராட்சிகளும் உண்டு. உங்கள் ஊர் எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

இதைத் தடுக்கிற பலம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இருப்பதைவிட உங்களுக்கு அதிகம் என்று நினைக்கிறேன். நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, "கணக்கை வாசிச்சிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைத் தாண்டிப் போக எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வராது. ஊராட்சிச் செயலருக்கும் வராது. பட்டப்படிப்பு முடித்த பையன் ஒருவன் இதையே கேட்டால் என்ன நடக்கிறது? "யார் வீட்டுப் பையன்டா இவன்?" என்பார்கள். சாயங்காலமே அவன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் "மனுப் போடுற ஆள்" என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும், பெண் கொடுக்க யோசிப்பார்கள். கேட்கிறவனுக்கு நீங்கள் காவலாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

என்ன கேட்பது என்று மலைக்க வேண்டாம். மோட்டார் காயில் கட்டிய செலவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்தில் அதே மோட்டார் எத்தனை முறை எரிந்ததாகப் பட்டியல் இருக்கிறது? அந்தத் தேதிகளில் உண்மையிலேயே குழாயில் தண்ணீர் வரவில்லையா? இதற்கு ஓவர்சியர் பதில் சொல்ல வேண்டாம், குடத்தோடு காத்து நின்ற பெண்களுக்குத் தெரியும். தெருவிளக்கு வாங்கிய கணக்கை ஒரு ராத்திரி தெருத் தெருவாக நடந்தால் சரிபார்த்துவிடலாம். பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வந்தது என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்டால் போதும். சிமென்ட் சாலை எத்தனை மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் இருக்கும், டேப் பிடித்து அளக்க நமக்குத் தெரியாதா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவண நகல் வாங்குவதோடு, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றிட்டு வாங்கவும்கூட உரிமை இருக்கிறது. நிதிக்குழு மானியத்தில் நடந்த செலவு இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாருக்கு எவ்வளவு என்று கிடக்கிறது. வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளையிடம் சொன்னால் போனிலேயே எடுத்துக் கொடுக்கும்.

ராஜஸ்தானில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் ஊர்ச் சனத்தைக் கூட்டி, அரசு வேலைகளின் கூலிப் பதிவேட்டைச் சத்தமாக வாசித்தது. 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் முன் விசாரணை என்று பெயர். பின்னால் ஊர் ஊராக இப்படி நடந்த கூட்டங்களில், செத்துப் போனவர் பெயரிலும் ஊரிலேயே இல்லாதவர் பெயரிலும் கூலி போனது வெளியே வந்தது. அதிகாரி மேசையில் பல வருஷம் யார் கண்ணிலும் படாத பொய், ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததும் எடுபடவில்லை. பெயரைக் கேட்டதும், "அவர் செத்து எத்தனை வருஷமாச்சு" என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. ஆவண நகல் கேட்டு 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மந்தையில் கணக்கு வாசித்துப் பழகிய உங்களுக்கு அவர்கள் புதிதாகக் கற்றுத்தர ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த அந்தப் பழக்கத்தை எந்த நோட்டில் காட்டுகிறீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடை தோறும் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை என்று பெருமைப்படுகிறோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதி இழப்பார்கள் என்று அதே கல்வெட்டில் இருப்பதை மட்டும் மேடையில் அதிகம் கேட்டதில்லை. (அது நிலம் வைத்திருந்த அந்தணர்களின் சபை, எல்லோருக்கும் இடமில்லாத சபை. அதையும் மறந்துவிட வேண்டாம்.)

இனி, உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலின்போது தலைவர் பதவி லட்சக்கணக்கில் ஏலம் போனதாகச் செய்திகள் வந்தன. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. ஆனாலும் ஏலம் விட்ட பெரியவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது: "போட்டி வந்தால் ஊர் ரெண்டுபடும், பணம் யார் வீட்டுக்கும் போகவில்லை, கோயிலுக்குத்தானே போகிறது." கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 ரூபாயாக உயர்த்திய பிறகும்கூட, தலைவரின் மாத மதிப்பூதியம் ஐந்து வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்தான். பல லட்சம் கொடுத்து எடுத்தவர் மீதியை எங்கிருந்து எடுப்பார்? மோட்டார் அடிக்கடி எரியும். அப்போது அவரைக் கேட்க உங்களுக்கு நாக்கு வருமா? "கோபுரத்துக்கு வாங்கினீங்கள்ல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். கோயில் பணம் என்று நினைத்து நீங்கள் வாங்கியது, ஐந்து வருஷத்துக்கு ஊரே கேள்வி கேட்காமல் இருப்பதற்கான விலை. ஓட்டுப் போடும் உரிமையை விற்றதற்கு மேல், கணக்குக் கேட்கும் உரிமையையும் சேர்த்து விற்றாயிற்று. போட்டியில் ஊர் ரெண்டுபடுவதாவது தேர்தலோடு ஓரளவு ஆறும்.

கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமரக் குத்தகை, கருவேல மரம் வெட்டும் ஏலம் இவற்றையும் பேசியாக வேண்டும். பல ஊர்களில் ஊர்ப்பொது என்ற பெயரில் கமிட்டியே ஏலம் விடுகிறது. ஊராட்சிக்கோ அரசுத் துறைக்கோ முறைப்படி சேர வேண்டிய பணம் அதில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஊராட்சித் தலைவரும் கேட்பதில்லை, அவருக்கும் திருவிழாவில் பரிவட்டம் வேண்டும். அவர் உங்கள் கணக்கைக் கேட்பதில்லை, நீங்கள் அவர் கணக்கைக் கேட்பதில்லை. இந்த ஏற்பாடு இருக்கும்வரை படிவம் 30 பேப்பராகவே இருக்கும். அதனால் கிராம சபைக்கு வரும்போது உங்கள் ஏல நோட்டையும் எடுத்து வாருங்கள்.

இன்னொன்று, இதில் எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. "கணக்குக் கேளுங்கள்" என்று சொன்னால் அதை யாரிடம் பிரயோகிப்பீர்கள்? தனித்தொகுதியில் ஜெயித்த தலைவர் என்றால் முதல் மாதமே கணக்குக் கேட்டு மனு மேல் மனு போகிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சமூகப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுக்கப் பரவியது. 2022-இல் சுதந்திர தினத்துக்கு முன்னால், பட்டியல் சமூகத் தலைவர்கள் கொடியேற்ற யாரும் தடையாக இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித்தொகுதித் தலைவராக இருந்த முருகேசன் 1997-இல் கொலை செய்யப்பட்டது நம் பக்கத்துக் கதைதான். நாற்காலி கொடுக்காத ஊருக்குக் கணக்குக் கேட்கும் யோக்கியதை இல்லை. அதே மாதிரி, பெண்ணைத் தலைவராக்கிவிட்டு வீட்டுக்காரர் செக் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரியும் ஊரில், கேள்வியை அந்த அம்மாவிடம் நேராகக் கேளுங்கள், பதிலையும் அவரையே சொல்லவிடுங்கள். முதல் இரண்டு கூட்டத்தில் தடுமாறுவார், சொல்லிவிடுவார்.

நேர்மையான தலைவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான இளங்கோ, செலவைக் குறைக்கக் கழிவுக் கற்களை வைத்துச் சாக்கடை கட்டியதற்காக விதிமீறல் என்று பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருக்காகப் பேசியது கிராம சபைதான். ஊருக்கு முன்பே கணக்குத் தெரிந்திருந்தது. பதவி திரும்பி வந்தது.

தலைவரே இல்லாத காலத்திலும் இது நிற்கக் கூடாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 கடைசி வரை தேர்தல் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு மறுபடியும் அதே நிலை வந்தது. தலைவருக்குப் பதில் அரசு போடும் தனி அலுவலர் கையெழுத்தில் பணம் போனாலும் கிராம சபை உண்டு, கணக்கும் உண்டு. தலைவர் என்றால் அங்காளி பங்காளி என்ற தாட்சண்யமாவது தடுக்கும். அதிகாரியிடம் கேட்க அதுவும் இல்லை.

ஆக, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கிராம சபை அறிவிப்பு வந்ததும் கோயில் குழாயிலும், பள்ளிவாசல் அறிவிப்பிலும், ஞாயிறு பூசை முடிந்தும் தேதியைச் சொல்லுங்கள். கணக்கு வாசிக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசித்து முடியும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். வருகிற உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், எங்கள் ஊரில் பதவி ஏலம் கிடையாது என்று மந்தையில் வைத்து ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரியும் வீட்டு வரியும் பாக்கியில்லாத ஓர் ஊராட்சி வாக்காளர்