அப்டேட் போட்டது வீட்டுக்காரர், வண்டி எடுப்பது ஆக்டிங் டிரைவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் மின்சாரக் கார் வைத்திருக்கும் பல வீடுகளில் வண்டியை ஓட்டுவது ஒருவர் மட்டும் இல்லை. திருச்செந்தூர், ராமேஸ்வரம், கொடைக்கானல் என்றால் ஆக்டிங் டிரைவர் வருவார். லீவுக்கு வரும் பிள்ளைகளும் எடுப்பார்கள். ஆனால் காருக்கு வரும் மென்பொருள் அப்டேட்டின் விவரம் ஒரே ஒருவருடைய கைபேசிக்குத்தான் போகிறது. அவர் ராத்திரி பத்து மணிக்கு 'இப்போது நிறுவு' என்பதைத் தொட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். விடிகாலை நாலரைக்குச் சாவி வாங்கிக் கிளம்பும் டிரைவருக்கு, போன வாரம் வரை பழகிய பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இன்றைக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

பாட்டு, வரைபடம், திரையின் நிறம் இவற்றை மாற்றும் அப்டேட் எப்படியும் போகட்டும். அடாஸ் என்கிற ஓட்டுநர் உதவி அமைப்புக்கு வருவது வேறு ரகம். முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா, முன் பம்பருக்குள் ரேடார், பல மாடல்களில் மூலைகளில் சிறு ரேடார்கள். இவை பார்த்ததை வைத்து எப்போது பிரேக் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிக்கும் எண்களே மாறுகின்றன. இங்கே விற்கும் கார்களில் 'லெவல் 2' என்று சொல்லப்படுவது உதவி மட்டுமே. கையும் கண்ணும் ஓட்டுகிறவருடையவை, பொறுப்பும் அவருடையது. அப்படியிருக்க, எண் மாறிய செய்தி அவருக்குத்தானே முதலில் போக வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி) விடும் இடைவெளியை நொடியில் அளப்பார்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் ஓடும். ஒன்றரை நொடி இடைவெளி என்றால் 33 மீட்டர். அப்டேட் அதை இரண்டு நொடியாக்கினால் 44 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் இது பாதுகாப்பு. திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் 44 மீட்டர் காலி விட்டுப் பாருங்கள். ஒரு குட்டியானையும் இரண்டு பைக்கும் அதற்குள் வந்துவிடும். வந்ததும் கார் மறுபடி தன் 44 மீட்டரைத் தேடிப் பிரேக் பிடிக்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ் டிரைவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நிற்கும் லாரி இதைவிடச் சிக்கல். மேம்பாலத்தின் கிர்டர், சாலைக்கு மேலே நிற்கும் வழிகாட்டிப் பலகையின் சட்டம், ஓரத்தில் பழுதாகி நிற்கும் டிப்பர் எல்லாமே ரேடாருக்கு அசையாத இரும்புதான். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால் வேகம் கூடும்போது அசையாத பொருள்களைப் பல அமைப்புகள் வடிகட்டி ஒதுக்கிவிட்டு, கேமராவும் உறுதி சொன்னால்தான் பிரேக்கைத் தொடும். பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் இல்லாமல், விளக்கும் எரியாமல் நடுச்சாமத்தில் நிற்கும் டிப்பரைக் கேமராவும் கோட்டைவிடலாம். அப்டேட் இந்த வடிகட்டலைத் தளர்த்தினால் பாலத்தடியிலும், சந்திப்புகளில் போலீஸ் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருக்கும் இரும்புத் தடுப்புகளுக்கு இடையிலும் காரணமில்லாத பிரேக் கூடும். இறுக்கினால் எதிரே உண்மையில் நிற்பதற்கும் பிடிக்காமல் போகும். எந்தப் பக்கம் சாய்த்தார்கள் என்று இரண்டு வரி எழுத முடியாதா? 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. அது யாருக்கு உதவும்?

இந்த அப்டேட்டுகளை எல்லா வண்டிக்கும் ஒரே ராத்திரியில் தள்ளக் கூடாது என்பதற்கு வெளிநாட்டில் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் டெஸ்லா தன் தானோட்டச் சோதனை மென்பொருளின் ஒரு பதிப்பை அனுப்பியது. காரின் கணினியில் இருந்த இரண்டு சில்லுகளுக்கு இடையே தொடர்பு அறுந்து, எதிரே ஒன்றும் இல்லாமலே மோதல் எச்சரிக்கை அடித்தது, தானியங்கி பிரேக்கும் விழ வாய்ப்பிருந்தது. உடனே பழைய பதிப்புக்குத் திருப்பினார்கள். 11,704 வண்டிகளுக்கு ரீகால் (குறை தீர்க்க வண்டிகளைத் திரும்ப அழைப்பது) என்று முறைப்படி பதிவும் ஆனது. காற்று வழியே, அதாவது இணையத்தில் அனுப்பியே திருத்தியிருந்தாலும் அங்கே அதற்குப் பெயர் ரீகால்தான். 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனத்தில் நடந்தது இன்னும் எளிமையான தவறு. தவறான பாதுகாப்புச் சான்றிதழ் (மென்பொருள் அசல்தானா என்று கார் சரிபார்க்கும் டிஜிட்டல் முத்திரை) கொண்ட பதிப்பை ஒருவர் கைதவறி அனுப்பிவிட்டார். கார் ஓடியது, திரை மட்டும் அணைந்துபோனது. படிப்படியாக அனுப்பிக்கொண்டிருந்ததால் ஒரு சிறு பங்கு வண்டிகளோடு தடுத்துவிட்டார்கள்.

முறை இதுதான்: முதலில் நூற்றுக்கு ஒரு வண்டி. சில நாள் பார்த்துவிட்டுப் பத்துக்கு ஒன்று. அதன் பிறகே எல்லோருக்கும். நாங்கள் இதோடு ஒன்று சேர்க்கச் சொல்கிறோம். முதலில் அப்டேட் பெறும் அந்த வண்டிகளில் தென்மாவட்ட வண்டிகளும் இருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நத்தம் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் விடிய விடிய நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை, சர்வீஸ் ரோட்டில் பாதி வரை காயப்போட்ட நெல்லை, எதிர்த்திசையில் ஓரமாக வரும் கரும்பு டிராக்டரை அந்த மென்பொருள் முன்னால் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

இனி நிறுவும் வேலை. வண்டி 'பி' கியரில், ஹேண்ட்பிரேக் போட்டு, சமதரையில் நிற்க வேண்டும். பெரிய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்காவது சார்ஜ் இருக்கட்டும். பல மாடல்களில் சார்ஜர் வயரைக் கழற்றினால்தான் நிறுவல் தொடங்கும். டயர் கடையில் போட்டுவிட்ட டாஷ்கேமும், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, பழுது கண்டறியும் கருவியை மாட்டும் சாக்கெட்டில் செருகிய ஜிபிஎஸ் கருவியும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் அதே கம்பியில் அந்தக் கருவியும் குறுக்கே பேசும். நிறுவல் ஒரு மணி நேரம் வரை போகலாம், அதுவரை வண்டி நகராது. மாசி வீதிகளிலோ, அடுத்தவர் வாசலை அடைத்தோ நிறுத்திவிட்டுத் தொடங்கினால் சண்டைதான். உள்ளே யாரும் உட்காரவும் கூடாது. ஏசி ஓடாது, ஜன்னல் சுவிட்சும் சில நேரம் வேலை செய்யாது. சித்திரை வெயிலில் குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு இதைச் செய்வதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பதிவிறக்கத்தை மட்டும் முந்தைய நாளே வீட்டு வைஃபையில் முடித்துவிடுவது நல்லது. (அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எப்படியும் வண்டியை வெளியே எடுக்க முடியாது, அப்டேட் போடத் தோதான நாள் என்று தல்லாகுளம்காரர்கள் நினைக்கலாம். அன்றைக்குக் கூட்ட நெரிசலில் கைபேசி டவரில் இணையம் கிடைக்காது.)

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெரிய பேட்டரி இல்லை, ஓரத்தில் ஒளிந்திருக்கும் 12 வோல்ட் சின்னப் பேட்டரி. நிறுவும்போது பல மாடல்களில் பெரிய பேட்டரியின் தொடர்பு விடுபட்டுவிடும். எல்லாக் கணினிகளும் விழித்திருக்க, மொத்தச் சுமையும் சின்னதின் தலையில். ஈய அமில வகை என்றால் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. நம் ஊர் வெயிலில் மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்க்காமல் நிறுவலைத் தொடங்கக் கூடாது. சர்வீஸ் சென்டரில் செய்தாலும் சாதாரண சார்ஜரை மாட்டினால் போதாது, 13.5 வோல்ட் அளவில் ஏற்ற இறக்கமில்லாமல் தரும் பவர் சப்ளை வேண்டும். 'உங்களிடம் அது இருக்கிறதா' என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

திரைக்கும் பெரிய கணினிக்கும் இரண்டு நினைவகங்கள் இருந்தால் கவலை குறைவு. புதியது காலியான பக்கத்தில் ஏறும், தோற்றால் பழைய பக்கத்திலிருந்து எழுந்துகொள்ளும். ரேடார், கேமரா போன்ற சிறு கணினிகள் பலவற்றில் ஒரே பக்கம்தான். பாதியில் மின்சாரம் இறங்கினால் அவை பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நின்றுவிடும், டேஷ்போர்டில் நாலைந்து மஞ்சள் விளக்கு எரியும். அப்போது 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி மாட்டச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். மென்பொருளை நினைவகத்தில் எழுதும் வேலை மிச்சமிருந்தால் அதுவும் அதோடு கெடும். வண்டியைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழுது கண்டறியும் கருவியோடு ஆள் வர வேண்டியதுதான்.

நல்லபடியாக முடிந்தாலும் வேலை முடியவில்லை. கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கார் பதிந்து வைத்திருக்கும் அளவீட்டைச் சில அப்டேட்டுகள் அழித்துவிடும். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் தப்பாகக் காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். பக்கத்துத் தடத்தில் போகும் லாரி நம் மூக்குக்கு நேரே போவதாகக் காருக்குத் தோன்ற இந்த ஒரு டிகிரி போதும். சில மாடல்களில் அளவீடு தானாகச் சேரும். இரு பக்கமும் வெள்ளைக்கோடு தெளிவாக உள்ள சாலையில், மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் சீராக, சில கிலோமீட்டரிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டும். சிம்மக்கல்லில் பத்து முறை சுற்றினாலும் சேராது, கோடு எங்கே இருக்கிறது? காலையில் மேலூர் நோக்கிப் போனால் சூரியன் நேரே கேமராவில் விழும். விருதுநகர் நோக்கித் தெற்கே போவது மேல். மற்ற மாடல்களுக்குப் பட்டறையில் குறிப்பலகை வைத்துச் செய்ய வேண்டும். தரை மட்டமாக, டயரில் காற்று சரியாக, டிக்கியில் சுமை இல்லாமல் இருக்க வேண்டும்.

'அப்டேட்டுக்குப் பிறகுதான் ரேடார் கெட்டுப்போனது' என்று வரும் வண்டிகளின் முன் பம்பரைத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கோ இடித்து, டிங்கரிங் கடையில் பட்டி பூசி, இரண்டு கோட் மெட்டாலிக் பெயின்ட் அடித்திருப்பார்கள். ரேடார் அலை அந்தக் கனத்தைத் தாண்டத் திணறும். புதிய மென்பொருள் சுயபரிசோதனையைக் கொஞ்சம் கடுமையாக்கியதும், மறைந்திருந்த குறை வெளியே வரும். ஆயுத பூஜைக்காக வண்டியின் முன்புறம் கட்டிய வாழைக்கன்றையும் ஈர மாலையையும் அவிழ்க்காமல் நெடுஞ்சாலைக்குப் போனாலும் இதே கதைதான். ஈர இலை அந்த அலைக்குச் சுவர் மாதிரி.

விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.நா.வின் 156ஆம் ஒழுங்குமுறை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்டேட் எதற்கு, என்ன மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும், தோற்றால் வண்டி எப்படிப் பாதுகாப்பாக நிற்கும் என்பதையெல்லாம் அது கேட்கிறது. இந்தியாவிலும் ஏஐஎஸ் 190 என்ற தரநிலை இதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் கோரிக்கை சின்னது: அடாஸ் அப்டேட்டுக்குப் பிறகு வண்டியை முதல்முறை இயக்கும்போது, மாறியவை நாலு வரியில் தமிழில் திரையில் வர வேண்டும். ஓட்டுகிறவர் 'படித்தேன்' என்று தொட்ட பிறகே க்ரூஸும் லேன் உதவியும் இயங்க வேண்டும். தானியங்கி பிரேக் எப்போதும்போல இருக்கட்டும்.

அது வரும்வரை, நிறுவுவதற்கு முன் உதவி அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் எச்சரிக்கை முன்னதா பின்னதா, லேன் உதவி ஆனா ஆஃபா, ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்ற ரீஜென் அளவு, எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் சாவி மாட்டும் ஆணியில் குத்தி வையுங்கள்: 'நேற்று ராத்திரி அப்டேட் போட்டிருக்கு. ரீஜென் கூடியிருக்கு, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. கேமரா இன்னும் செட் ஆகலை, விருதுநகர் தாண்டுற வரைக்கும் க்ரூஸ் போட வேண்டாம். சும்மா பிரேக் பிடிச்சா இடம், நேரம், வேகம் மூணையும் குறிச்சுட்டு வாங்க.'

இப்படிக்கு,
மின்சார வாகனப் பராமரிப்பில் பணிபுரிவோர் சிலர்,
மதுரை.